கல்கத்தா: களிமண் காயும் மாதத்தில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

கல்கத்தாவுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் துர்கா பூஜைக்குப் போ என்பார்கள். பூஜைக்கு ஒரு மாதம் முன்பு வாருங்கள் என்பது எங்கள் கட்சி. பூஜை நாட்களில் ஊர் முழுக்கப் பந்தலுக்கு வரிசை, நடக்க இடமிருக்காது, தங்கும் அறை கிடைப்பதும் கஷ்டம். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வந்தால் சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்டுலியில் துர்கா சிலைகளுக்கு மண் பூசிக்கொண்டிருப்பார்கள், மைதானில் லீக் கால்பந்து நடக்கும், இலிஷ் மீன் மலிவாகாவிட்டாலும் நிறைய வந்திறங்கும். மழை மட்டும் தொந்தரவு. ஆனால் இந்த ஊரில் மண்ணும் பந்தும் தபலாவும் மழையோடு மல்லுக்கட்டித்தான் பிழைக்கின்றன. அதைப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்கள் டிக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி நிலையத்தின் பெயர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. ஷாலிமாரும் ஆற்றின் அந்தக் கரைதான் என்றாலும் வெளியே வந்ததும் மெட்ரோ கிடையாது. பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். ஹவுரா மெயில் ஹவுராவுக்கே போகும். பெரிய பெட்டியோடு வருபவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

ஹவுராவில் இறங்கியதும் ஊருக்குள் போக இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று மெட்ரோவின் பச்சைத் தடம். ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டரை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். 2024 மார்ச்சில் எஸ்பிளனேடு வரை வந்தது, 2025 ஆகஸ்டில் சியால்தா இணைந்து சால்ட் லேக் செக்டர் 5 வரை ஒரே ஓட்டமாகிவிட்டது. இன்னொன்று படகு. நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. கட்டணம் டீக்காசுதான். பெட்டி கனமாக இருந்தால் மெட்ரோ, கை வீச்சாக வந்தால் படகு. ஹூக்ளியில் சில நாட்களில் கடல் ஏற்றம் சுவர் போல எழும்பி வரும், அதை ‘பான்’ என்பார்கள். அந்த நேரத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். துறையில் அறிவிப்பு வந்தால் வாதாடாமல் அரை மணி உட்கார்ந்துவிடுங்கள்.

படகிலிருந்து ஹவுரா பாலத்தைப் பாருங்கள். 1943இல் திறந்த பாலம், 26,500 டன் எஃகு, எல்லாம் ரிவிட் அடித்தது, நட்டும் போல்ட்டும் இல்லை. நடுவில் 457 மீட்டருக்கு ஆற்றில் தூண் கிடையாது. பாலத்தின் மேல் நடக்கும்போது தொங்குகம்பிகளின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள், உறை போட்டிருக்கும். நடப்பவர்கள் வெற்றிலை எச்சிலைத் துப்பித் துப்பி, அதிலிருந்த சுண்ணாம்பும் புளிப்பும் எஃகை அரித்துவிட்டன. அதற்காகப் போட்ட உறை.

பாலத்தின் கிழக்கு முனையில், தெற்குப் பக்கம் இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. காலை 5 முதல் 8க்குள் போனால்தான் பூ. பத்து மணிக்குப் போனால் சேறும் வாழைநாரும் மிச்சம் இருக்கும். தலையில் கூடையோடு வருபவர்களால் நிற்க முடியாது. பின்னாலிருந்து குரல் கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும். செருப்பு பிடிப்புள்ளதாக இருக்கட்டும்.

இந்த ஊர் ஆட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாகப் பேசி ஏறுவதில்லை. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒரு ரூட், நாலு பேர் சேர்ந்ததும் கிளம்பும், கட்டணம் நிலையானது. ‘கூச்ரோ’, அதாவது சில்லறை, கையில் இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் இறக்கிவிடவும் தயங்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள், வியாழன்

குமார்டுலி. ஷோபாபஜார் சுதானுட்டி மெட்ரோவில் இறங்கி ஆற்றை நோக்கிப் பத்து நிமிட நடை. பனமாலி சர்க்கார் தெருதான் முக்கியமான சந்து. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வெளிச்சம் சந்துக்குள் இறங்கும். வேலை நடப்பதும் அப்போதுதான்.

சிலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு கொட்டகையிலும் என்ன கட்டத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். ரத யாத்திரை அன்று மூங்கில் சட்டத்துக்குப் பூசை போட்டுத் தொடங்குவார்கள். சட்டத்தின் மேல் வைக்கோலை முறுக்கிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு, தொடை, தோள் என்று உருவம் கொண்டுவருவார்கள். இந்தக் கட்டத்தில் பத்துக் கையும் தலையும் இல்லாத வைக்கோல் பொம்மைகள்தான் வரிசையாக நிற்கும். வைக்கோலைத் தளர்வாகக் கட்டினால் பிறகு எத்தனை மண் பூசினாலும் உருவம் தொய்ந்துவிடும். அதனால் கயிறு கட்டுகிறவர் அந்தக் கொட்டகையில் மூத்த கையாக இருப்பார்.

அதன்மேல் முதல் பூச்சு. ‘எண்டெல் மாட்டி’ என்னும் பிசுபிசுப்பான களிமண்ணில் உமி கலந்து மிதித்துப் பூசுவார்கள். உமி இல்லாவிட்டால் காயும்போது பாளம் பாளமாகப் பிளக்கும். இது காய்ந்ததும் வெடிப்பு விடும். விட வேண்டும், அதுதான் கணக்கு. இரண்டாவது பூச்சு மெல்லிய மண். வெடிப்புகளின் மேல் மண் குழம்பில் நனைத்த துணிக் கீற்றுகளை ஒட்டி விரலால் நீவுவார்கள். முகத்தையும் விரல்களையும் தனியாகச் செய்து பொருத்துவார்கள். முகத்துக்கு அச்சு உண்டு. விரல்களைக் கையாலேயே உருட்டுவதைப் பல கொட்டகைகளில் பார்க்கலாம். ஒரு விரலின் நீளம் பென்சில் அளவு, நகக்கண் கூட மூங்கில் சீவலால் கீறியிருக்கும்.

காய்ந்ததும் வெள்ளைச் சுண்ணப்பொடிப் பூச்சு, அதற்கு மேல் வண்ணம். இங்கே நம்மவர்கள் நின்று கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. வண்ணம் மண்ணில் பிடிக்க அவர்கள் கலப்பது புளியங்கொட்டைக் கூழ். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, பொடித்துக் காய்ச்சிய அதே பசை. கூழ் அதிகமானால் வண்ணம் செதில் செதிலாக உரியும், குறைந்தால் கைபட்டால் பொடியாக வரும். ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்துப் பிரித்து, நூல் இழுக்கிறதா என்று பார்த்துத்தான் கலக்குகிறார்கள்.

வெள்ளை அலங்காரம் இருக்கிறதே, ‘ஷோலார் சாஜ்’, அது நம் நெட்டிதான். தஞ்சாவூரில் கோயிலும் மாட்டுவண்டியும் செய்கிற அதே நீர்ச்செடியின் தண்டு. ஜிகினாத் தகட்டால் செய்வதை ‘டாக்கேர் சாஜ்’ என்கிறார்கள். டாக் என்றால் தபால். ஒரு காலத்தில் அந்தத் தகடு ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்ததால் அந்தப் பெயர்.

இனி மழை. ஈரக் காற்றில் மண் காயாது. சந்து முழுக்கத் தார்ப்பாயும் பாலிதீனும் கட்டியிருப்பார்கள். பெரிய மின்விசிறி, கரி அடுப்பு, சில இடங்களில் எரிவாயு விளக்கு வைத்துச் சூடு காட்டுவார்கள். அவசரப்பட்டால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். வண்ணம் பூசிய பத்தாம் நாள் அந்த ஈரம் வெளியே வரும்போது கன்னத்தில் கொப்புளம் போல எழும்பும். அதனால் நெருப்பை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். தொடர்ந்து நாலு நாள் மழை என்றால் மொத்தக் குமார்டுலியும் தூங்காது. சிலை போய்ச் சேர வேண்டிய தேதியைத் தள்ளிவைக்க முடியாதே.

கண் வரைவது மகாளய அமாவாசையில். அன்று அதிகாலை 4 மணிக்கு வானொலியில் தேவி மகாத்மியம் ஒலிக்கும். 1931இல் தொடங்கிய வழக்கம். 1976இல் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலை எடுத்துவிட்டு நடிகர் உத்தம் குமாரை வைத்துப் புதிதாகச் செய்தபோது ஊரே கொதித்தெழுந்து பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கியது.

போகிறவர்களுக்குச் சில சங்கதிகள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். சில கொட்டகைகளில் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள், அவர்கள் வேலைநேரத்தில்தான் நாம் நுழைகிறோம். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். சந்தின் அகலம் சில இடங்களில் நாலடிதான், திரும்பும்போது பை இடித்தால் ஒரு வார வேலை போய்விடும். பார்த்து முடித்ததும் அகிரிடோலா படகுத்துறைக்கு நடந்து படகில் ஹவுரா திரும்பலாம்.

மூன்றாம் நாள், வெள்ளி

நேற்று பார்த்த குமார்டுலியை ஒட்டி ஓடும் ரவீந்திர சரணி, பழைய பெயர் சித்பூர் சாலை, தெற்கே லால்பஜார் வரை வருகிறது. ஒரே சாலையில் சிலை, ஜாத்ரா நாடகம், தாகூர் வீடு, மசூதி, வாத்தியக் கடை என்று கோத்தது போல் இருக்கும். வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் சுமார் மூன்று கிலோமீட்டர். வெயிலைப் பொறுத்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாத்ரா கம்பெனிகளின் அலுவலகங்கள் வழியில் வரும். பெரிய பெரிய எழுத்தில் சுவரொட்டி, உள்ளே ஒரு மேசை, ஒரு பதிவுப் புத்தகம். ஊர்க்காரர்கள் வந்து முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குவது ரத யாத்திரை அன்று தொடங்குகிறது. ஆட்டம் பூஜையிலிருந்து. இப்போது ஒத்திகைக் காலம்.

ஜோராசாங்கோ தாகூர் வீட்டுக்குச் சந்துக்குள் திரும்ப வேண்டும். மெட்ரோவில் நேரே வருபவர்களுக்கு கிரீஷ் பார்க். திங்கள் விடுமுறை. ரவீந்திரநாத் 1861இல் பிறந்ததும் 1941 ஆகஸ்ட் 7இல் இறந்ததும் இந்த வீட்டில்தான். அவர் எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றைச் சரியாகக் கேட்க விரும்புபவர்கள் வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியமான எஸ்ராஜ் துணையோடு பாடும் கச்சேரியாகத் தேடுங்கள். ஆர்மோனியம் அவருக்குப் பிடிக்காது. அது சுருதிகளுக்கு நடுவே வழுக்கிப் போகாது என்பது வாதம். 1940இல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்கு விழுந்த தடை 1971 வரை நீடித்தது.

அதே சாலையின் தெற்கு முனையில், லால்பஜார் பக்கம், கடை கடையாக ஆர்மோனியம் தொங்குகிறது. நாம் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் ஆர்மோனியத்தை 1875 வாக்கில் இந்த ஊரில்தான் துவாரகாநாத் கோஷ் உருவாக்கினார். வாங்குகிற எண்ணம் இருந்தால் சோதிக்கும் முறை இதுதான். முதலில் எல்லா ஸ்டாப்பையும் மூடிவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை நிரப்பி விட்டுவிடுங்கள். உடனே சரிந்தால் காற்று எங்கோ கசிகிறது. அடுத்து ஸ்டாப்பைத் திறந்து கட்டையைத் தொடாமல் காற்றை அழுத்துங்கள். தானாக முனகல் வந்தால் ஏதோ ஒரு கட்டையின் அடித்தோல் சரியாக உட்காரவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டையாக, மெல்லிய காற்றிலும் ரீட் எழும்புகிறதா என்று பாருங்கள். பலமாக அழுத்தினால் எல்லா ஆர்மோனியமும் பேசும். மெல்ல அழுத்தும்போது ஊமையாகும் கட்டைதான் வீட்டுக்குப் போனதும் தகராறு செய்யும். ஸ்கேல் சேஞ்சர் வாங்கினால் பலகையை ஒவ்வொரு சுருதிக்கும் நகர்த்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதிப் பக்கத்துக் கட்டையோடு உரசும். அது கடையிலேயே தெரிந்தால் நல்லது, கையோடு சீவித் தரச் சொல்லலாம். தபலாவின் தோலும் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். இந்த மாதத்தில் வாங்குபவர்கள் கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த சுருதியை அரை மணி கழித்து மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும்.

பசித்தால் நாகோதா மசூதி அருகே 1905இலிருந்து இருக்கும் ராயல் இந்தியன் ஓட்டலில் மட்டன் சாப்.

மாலையில் காலேஜ் தெரு. பழைய புத்தகம் பேரம் பேசி வாங்கலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காபி ஹவுஸ் மாடியில் ‘இன்ஃப்யூஷன்’ என்றால் பால் இல்லாத காபி. நம் ஃபில்டர் காபியை எதிர்பார்த்துக் கேட்காதீர்கள். மழை பிடித்தால் இந்தத் தெருவில்தான் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆற்றில் ஏற்றம் இருக்கும்போது மதகை மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வந்துவிடும். மழையும் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வடிய வழியே இல்லை. மதகு திறக்கும் வரை மாடியில் இன்னொரு காபி சொல்லுங்கள்.

நான்காம் நாள், சனி

காலையில் அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகம். இரண்டும் திங்கள் விடுமுறை. இந்திய அருங்காட்சியகம் 1814இல் தொடங்கியது. ஒரே ஒரு அறைதான் பார்க்க நேரம் என்றால் பார்ஹுத் பௌத்த ஸ்தூபியின் கல்வேலிக்குப் போங்கள்.

மதியம் மைதான். இது ராணுவத்தின் நிலம். அதனால் நூறு வருடக் கிளப்புகளுக்கும் இங்கே இருப்பது ‘டென்ட்’தான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்டிங் மூன்றின் ஆடுகளமும் நடந்து போகும் தூரத்தில். மோகன் பகான் 1889, முகமதன் 1891, ஈஸ்ட் பெங்கால் 1920. கல்கத்தா லீக் 1898இலிருந்து நடக்கிறது, மழைக்காலமே அதன் காலம்.

1911 ஜூலை 29இல் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐஎஃப்ஏ) கேடயத்தை எடுத்தது. பதினொருவரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் போட்டிருந்தார், மற்றவர்கள் வெறுங்கால். வெறுங்கால் ஆட்டத்துக்கு எமன் மழை. காய்ந்த தரையில் பூட்ஸ்காரனைச் சுற்றிவிடும் கால், சேற்றில் பிடிப்பில்லாமல் போகும். 1934 முதல் 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து லீக்கை வென்ற முகமதன், ஈரத் தரையில் பூட்ஸ் போட்டு ஆடத் துணிந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கும் இந்த மண்ணில் பங்கு உண்டு. ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ என்று இன்றும் சொல்லப்படும் தன்ராஜ், அப்பாராவ், வெங்கடேஷ், சாலே, அகமது கான் ஐவரும் தென்னிந்தியர்கள். 1949, 1950, 1951 மூன்று வருடமும் கேடயம் அவர்களுடையது. மதராஸ் படைப்பிரிவில் ஆடத் தொடங்கிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். மூன்று கூட்டமும் ஒருவரை மெச்சுவது இந்த ஊரில் லேசில் நடக்காது.

ஆட்டம் பார்க்கும் வழி. இடம் எது என்பதை அன்று காலை உறுதிசெய்துகொள்ளுங்கள். லீக் ஆட்டங்கள் பல இப்போது நைஹாட்டி, பாரக்பூர், கல்யாணி என்று வெளியூர் மைதானங்களுக்குப் போய்விடுகின்றன. கல்யாணி சியால்தாவிலிருந்து லோக்கல் ரயிலில் சுமார் 50 கிலோமீட்டர். மைதானில் என்றால் பெரும்பாலும் மதியம் மூன்று மணி. உறுப்பினர் கேலரிக்குக் கிளப் அட்டை வேண்டும், மற்றவர்களுக்குப் பொதுக் கேலரி. பெரிய கிளப்புகள் லீக்கில் இளம் வீரர்களை இறக்குகின்றன. பெயர் தெரியாதே என்று கவலை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ‘தாதா’ என்று நீங்கள் அழைத்தால் ஒவ்வொரு பையனின் ஊரையும் சொல்லிவிடுவார். குடை விரித்தால் பின்வரிசை கத்தும், மழைக்கோட்டு கொண்டுபோங்கள். ஆட்டம் முடிந்ததும் டென்ட் கேன்டீனில் மிளகு தூவிய சிக்கன் ஸ்டூவும் சுட்ட ரொட்டியும்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

டிரெட்டி பஜாரில் சீனர்கள் வைக்கும் காலைச் சிற்றுண்டி. ஞாயிறுதான் களைகட்டும், எட்டரைக்குள் பாத்திரம் காலி. ஞாயிறன்று நீலத் தட மெட்ரோ ஒன்பது மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், டாக்சியில்தான் போக வேண்டும். ஆவி பறக்கும் சீனப் பன்னான பாவும் மீன் உருண்டை சூப்பும் போதும்.

அதன் பிறகு காளிகாட் மெட்ரோ அருகே லேக் மார்க்கெட். வாழை இலை, கறிவேப்பிலை, காபித் தூள் எல்லாம் கிடைக்கும், தமிழில் கேட்டாலும் பல கடைகளில் புரிந்துகொள்வார்கள். இசைக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பருவம் ஜனவரி. டோவர் லேன் இசை மாநாடு 1952இலிருந்து நடக்கிறது, நஸ்ருல் மஞ்சில் இரவு முழுக்கக் கச்சேரி, விடியும்போது காலை ராகத்தோடு முடியும். சால்வை அவசியம். அதே இரவில் சாப்பிட வெளியே போனால் நல்ல இருக்கை போய்விடும், கையில் கொண்டுபோய்விடுங்கள்.

நாடகம், ஓவியம், சினிமா மூன்றும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் ரவீந்திர சதன் மெட்ரோ. நுண்கலை அகாடமியில் கண்காட்சி மதியத்துக்கு மேல், நாடகம் மாலை. நந்தன் சினிமா அரங்கை 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்தார்.

ஆனால் டெர்பி, அதாவது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டம், இருக்கும் ஞாயிறாக அமைந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சால்ட் லேக் ஸ்டேடியம் போங்கள். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு இங்கே 1,31,000க்கு மேல் கூட்டம். ஈஸ்ட் பெங்கால் 4-1, பாய்சுங் பூட்டியா மூன்று கோல். 2017இல் இருக்கைகளைக் குறைத்துப் புதுப்பித்தபின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 66,684 பேர். இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் வாசலும் கேலரியும் தனித்தனி. 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் கார்டனில் டெர்பி நாளில் நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். அந்தப் பிரிவினையை அற்பமாக நினைக்காதீர்கள். டிக்கெட் எந்தப் பக்கத்துக்கோ அந்தப் பக்கத்தின் நிறம், அல்லது வெள்ளைச் சட்டை. பச்சை-மெரூன் மோகன் பகான், சிவப்பு-மஞ்சள் ஈஸ்ட் பெங்கால். இணையத்தில் எடுத்த டிக்கெட்டை முன்கூட்டியே கவுண்டரில் காகித டிக்கெட்டாக மாற்ற வேண்டிய ஆட்டங்கள் உண்டு. முந்தின நாளே முடித்துவிடுங்கள். பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் வாசலில் நின்றுவிடும். பச்சைத் தடத்தில் சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையம் இருக்கிறது. மெட்ரோ கார்டில் பணம் போட்டு வைத்திருந்தால் திரும்பும்போது டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இந்தக் கரைக்காரர்களுக்கும் நடுவே தீராத பழைய போட்டி அது. ஆட்டம் முடிந்த மறுநாள் காலை லேக் மார்க்கெட் மீன் பகுதிக்குப் போனால் எந்தத் தட்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது என்று பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ளலாம். இலிஷ் வாங்குவதாக இருந்தால் முதுகு அகன்று, வயிறு கெட்டியாக, அழுத்தினால் குழி விழாததாகப் பாருங்கள். முட்டை வைத்த மீனில் ருசி குறைவு, மீன்காரரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்.